செயலாளர் ஆண்டறிக்கை: குழந்தையின் கிண்ணம், வீட்டுப் பானை

தலைவர் அவர்களுக்கும், செயற்குழுவினருக்கும், கைக்குழந்தைகளோடு வந்திருக்கும் அம்மா அப்பாக்களுக்கும், தாத்தா பாட்டிகளுக்கும் வணக்கம்.

நம் பெற்றோர் சங்கத்தின் கடந்த ஓராண்டுப் பணிகளை உங்கள் முன் வைக்கிறேன். செயற்குழு மாதந்தோறும் கூடியது. புதிய உறுப்பினர்கள் சேர்ந்தார்கள். குழந்தைகள் பள்ளிக்குப் போகத் தொடங்கியதும் சிலர் விலகினாலும், அவர்களில் பலர் வகுப்புகளுக்கு உதவ இன்னமும் வருகிறார்கள். வரவு செலவைப் பொருளாளர் தனியே வாசிப்பார்.

இந்த ஆண்டு நாம் எடுத்துக்கொண்ட முக்கிய வேலை ஒன்றுதான்: ஆறு மாதம் முதல் இரண்டு வயது வரை குழந்தைக்கு வீட்டிலேயே சமைத்துக் கொடுப்பது. புதிதாகச் சேர்ந்த எவரிடம் பேசினாலும் "குழந்தைக்குத் தனியா சமைச்சு மாளல" என்றுதான் சொன்னார்கள். பெரியவர்களுக்கு ஒரு சமையல், குழந்தைக்கு ஒரு சமையல், நடுவில் மிக்சி கழுவுவது என்று ஓடிக் களைத்து, கடைசியில் பாக்கெட்டைப் பிரிப்பார்கள். பாக்கெட் வாங்குகிறவர்களை நம் கூட்டங்களில் யாரும் குறை சொல்லக் கூடாது என்பதை முதலிலேயே முடிவு செய்தோம். அப்புறம் ஒரு நிலைப்பாட்டுக்கு வந்தோம்: தனிச் சமையல் தேவையே இல்லை. வீட்டுப் பானையில் உப்பும் காரமும் சேர்க்கும் முன் குழந்தையின் பங்கை எடுத்துவைத்து மசித்தால் போதும். பால் குடிக்கும் குழந்தைக்குத் தனியாக உப்பு வேண்டாம். பாலிலும் காய்கறியிலும் இருப்பதே அதற்குப் போதுமானது. சர்க்கரையை இரண்டு வயது வரை தள்ளியே வைக்கலாம். ஆண்டு முழுவதும் நடந்த வகுப்புகள் இதைச் சுற்றியே அமைந்தன.

முதல் வகுப்பிலேயே நாங்கள் பார்த்தது, பலரும் உணவை மிகவும் நீர்க்கக் கொடுக்கிறார்கள் என்பது. விழுங்க எளிதாக இருக்கட்டும் என்ற அக்கறையில் செய்வதுதான். ஆனால் குழந்தையின் வயிறு கிலோவுக்குச் சுமார் 30 மில்லிதான் கொள்ளும். எட்டு கிலோ குழந்தைக்கு 240 மில்லி. அதில் பாதியைத் தண்ணீர் நிரப்பிவிட்டால் சத்து எங்கே போய் உட்காரும்? உலக சுகாதார நிறுவனக் கணக்குப்படி, தாய்ப்பால் குடிக்கும் குழந்தைக்கு உணவிலிருந்து ஆறு முதல் எட்டு மாதம் வரை நாளுக்கு 200 கலோரி, ஒன்பது முதல் பதினொன்று வரை 300, அதற்குமேல் இரண்டு வயது வரை 550 கிடைக்க வேண்டும். இது நீர்த்த கஞ்சியில் வராது. அதனால் வகுப்பில் ஒவ்வொருவர் கையிலும் ஒரு கரண்டி கொடுத்தோம். குழைய வெந்த பருப்பையும் உருளைக்கிழங்கையும் மசித்து, அரை ஸ்பூன் எண்ணெய் விட்டு, கரண்டியைச் சாய்க்கச் சொன்னோம். வழிந்து ஓடினால் இன்னும் மசித்த கிழங்கு. அப்படியே ஒட்டிக்கொண்டு மெதுவாக இறங்கினால் சரி. பலமுறை சாய்த்துப் பார்த்த பிறகு எல்லோருக்கும் அந்தப் பக்குவம் கைக்கு வந்துவிட்டது. எண்ணெய் எதற்கு என்று கேட்டார்கள். இந்த வயதில் கொழுப்பைக் குறைக்கவே கூடாது. குறைந்த அளவு உணவில் நிறைய சக்தி சேர்க்க அதுதான் வழி.

அதே வகுப்பில் ஒரு அம்மா, மிச்சம் வைத்த கிண்ணத்தில் கஞ்சி தண்ணீராகிப்போவது ஏன் என்று கேட்டார். நல்ல கேள்வி. வாயில் போய்வந்த கரண்டியோடு எச்சில் கலக்கிறது. எச்சிலில் உள்ள நொதி மாவுச்சத்தை உடைக்கிறது. எச்சிலோடு கிருமியும் வரும் என்பதால், கரண்டி பட்ட மிச்சத்தை எடுத்துவைக்கக் கூடாது. வேண்டிய அளவை மட்டும் சிறு கிண்ணத்தில் எடுத்து ஊட்டினால் வீணாகாது.

இரும்புச்சத்து பற்றிய கூட்டத்துக்கு நான் எதிர்பார்த்ததைவிடக் கூட்டம் வந்தது. பிறக்கும்போது உடலில் சேர்ந்திருந்த இரும்பு ஆறாவது மாதத்தை ஒட்டிக் குறையத் தொடங்கும். தாய்ப்பாலில் அது சொற்பமே. அமெரிக்கப் பரிந்துரையில் ஏழு முதல் பன்னிரண்டு மாதக் குழந்தைக்கு நாளுக்கு 11 மில்லிகிராம், வளர்ந்த ஆணுக்கு 8 மில்லிகிராம். இத்தனை சிறிய வயிற்றுக்கு இத்தனை தேவை! இறைச்சி, முட்டை, மீன், பருப்பு, கீரை ஆகியவற்றில் ஒன்றாவது தினமும் இருக்கட்டும் என்று சொன்னோம். பருப்பு, கீரையில் உள்ள இரும்பு எளிதில் உடலில் சேராது. கூடவே தக்காளியோ வைட்டமின் சி உள்ள பழமோ கொடுத்தால் நன்றாகச் சேரும். வெறும் பழமும் காய்கறியும் மசித்துக் கொடுத்துக்கொண்டிருந்த சில வீடுகளில் இதன்பின் முட்டையும் பருப்பும் கிண்ணத்துக்கு வந்திருப்பதில் எனக்கு மிகுந்த மகிழ்ச்சி.

முதலுதவி வகுப்பைத்தான் இந்த ஆண்டின் மிக முக்கியமான வேலையாக நான் கருதுகிறேன். கட்டி உணவு என்றாலே வீட்டில் பயம். பயந்து ஒரு வயதுவரை மையாக அரைத்தே கொடுத்தால் குழந்தை மெல்லக் கற்பது தள்ளிப்போகும். ஒன்பது, பத்து மாதத்துக்குள் சிறு கட்டிகள் பழகியிருக்க வேண்டும். ஓங்கரிப்பு வேறு, மூச்சடைப்பு வேறு. ஓங்கரிக்கும் குழந்தை சத்தம் போடும், இருமும், முகம் சிவக்கும், தானே வெளியே தள்ளிவிடும். மூச்சடைத்த குழந்தையிடமிருந்து சத்தமே வராது. வகுப்பு எடுக்க வந்த செவிலியர் பொம்மையைத் தன் முன்கையில் குப்புறப் படுக்கவைத்து, தலையைத் தாழ்த்தி, தோள்பட்டைகளுக்கு நடுவில் ஐந்து தட்டு, பிறகு திருப்பி மார்பில் ஐந்து அழுத்தம் என்று செய்துகாட்டினார். எல்லோரும் செய்து பழகினோம். கண்ணுக்குத் தெரியாத துண்டைத் தேடி வாய்க்குள் விரலை விட்டுத் துழாவக் கூடாது என்பதை அவர் திரும்பத் திரும்பச் சொன்னார். திராட்சையை நீளவாக்கில் நான்காக வெட்டுவது, கேரட்டை இரு விரலுக்கு நடுவில் நசுங்கும்வரை வேகவைப்பது, முழுக் கொட்டைகளை ஐந்து வயதுவரை கொடுக்காமலிருப்பது எல்லாம் அன்று பேசியவைதான். ஊட்டும்போது குழந்தை நிமிர்ந்து உட்கார்ந்திருக்க வேண்டும், பக்கத்தில் பெரியவர் ஒருவர் இருந்தே ஆகவேண்டும்.

முழுக் கொட்டை வேண்டாம் என்றதும் வேர்க்கடலையே வேண்டாம் என்று சிலர் எடுத்துக்கொண்டார்கள். அப்படியில்லை. லண்டன் கிங்ஸ் காலேஜ் ஆய்வாளர்கள், ஒவ்வாமை வர வாய்ப்பு அதிகமுள்ள 640 குழந்தைகளை வைத்து நடத்திய ஆய்வு 2015இல் வெளியானது. வேர்க்கடலையைத் தவிர்த்த குழந்தைகளில் ஐந்து வயதில் நூற்றுக்குச் சுமார் 17 பேருக்கு அந்த ஒவ்வாமை இருந்தது. சிறு வயதிலேயே சாப்பிட்டவர்களில் 3 பேருக்கு. மென்மையாக அரைத்து, மற்ற உணவோடு கலந்து கொடுக்கலாம். கடுமையான தோல் அரிப்பு நோயோ முட்டை ஒவ்வாமையோ உள்ள குழந்தைக்கு மட்டும் மருத்துவரிடம் கேட்டுக்கொண்டு தொடங்க வேண்டும்.

தேன் பற்றிச் சுருக்கமாக. ஒரு வயதுக்குள் ஒரு துளியும் வேண்டாம். பாட்டுலிசம் என்ற கடும் நோயைத் தரும் கிருமியின் வித்துகள் அதில் இருக்கக்கூடும், அவை வீட்டு அடுப்பில் கொதிக்கவைத்தாலும் சாகாது. சேமிப்பு வகுப்பில் சொன்னது: சமைத்ததைச் சீக்கிரம் ஆறவைத்து ஃப்ரிட்ஜில் வையுங்கள், சோற்றை மறுநாளைக்குள் முடித்துவிடுங்கள், மறுபடி சூடாக்கினால் ஆவி பறக்கச் சூடாக்கி, நன்றாகக் கிளறி, ஆறியபின் கொடுங்கள். ஒரு தடவைக்கு மேல் சூடாக்க வேண்டாம்.

வற்புறுத்தி ஊட்டுவது பற்றிய கூட்டத்தில் தாத்தா பாட்டிகளும் வந்து பேசியது நல்ல விஷயம். வாயை மூடிக்கொண்டாலும் தலையைத் திருப்பிக்கொண்டாலும் போதும் என்று அர்த்தம். கிளாரா டேவிஸ் என்ற அமெரிக்க மருத்துவர் 1928இல் வெளியிட்ட ஆய்வில், பால் மறந்த குழந்தைகள் முன் பலவித எளிய உணவுகளை வைத்துவிட்டு, எதை எவ்வளவு தின்பது என்பதை அவர்களிடமே விட்டார். ஒரு வேளைக்குக் குறைவாகவும் இன்னொரு வேளைக்கு அதிகமாகவும் தின்று நன்றாக வளர்ந்தார்கள். ஆனால் அந்தத் தட்டில் சர்க்கரைப் பண்டம் எதுவும் கிடையாது. எதை வைப்பது என்பது பெரியவர் கையில்தான் இருந்தது. புது உணவைத் துப்பிவிட்டால் சில நாள் கழித்து மறுபடி கொஞ்சம் வைத்துப் பாருங்கள். எட்டு, பத்து தடவை ஆனபிறகும் பிடித்துப்போகலாம். இதில் எனக்குள்ள ஒரே கவலை, பகலில் குழந்தையைப் பார்த்துக்கொள்பவர்களுக்கு இது போய்ச் சேரவில்லை என்பது.

எனவே வரும் ஆண்டில் தாத்தா பாட்டிகளுக்கும் காப்பக ஊழியர்களுக்கும் தனி வகுப்பு நடத்தவும், முதலுதவிப் பயிற்சியை ஆண்டுக்கு இருமுறை வைக்கவும் செயற்குழு பரிந்துரைக்கிறது. வகுப்பு நாளில் காய்கறி நறுக்கவும், குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளவும் ஆட்கள் வேண்டும். அப்பாக்கள் கூடுதலாக முன்வரவேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். தன் சமையலறையைத் திறந்துவிட்ட உறுப்பினர்களுக்கும், விடுமுறை நாளில் வந்து பயிற்சி கொடுத்த செவிலியருக்கும் சங்கத்தின் சார்பில் நன்றி.

இவ்வறிக்கையை விவாதித்து ஏற்றுக்கொள்ளுமாறு பொதுக்குழுவைக் கேட்டுக்கொள்கிறேன்.

செயலாளர்