மழையில்லாமல் வைப்பர் ஆடினால்

அன்பு மகனுக்கு அப்பா எழுதுவது.

இங்கே எல்லோரும் நலம். வெள்ளிக்கிழமைதோறும் அம்மா காளி கோயிலில் உன் பேருக்கு விளக்குப் போடுகிறாள். நீ வீடியோவில் வந்து ஆறு வாரம் ஆகிறது. நமக்கு எப்போது கரண்ட் வரும் என்று தம்பிக்கு எப்படித் தெரியும் என்று சொல்லி அவளைச் சமாளித்து வைத்திருக்கிறேன்.

அக்காவுக்கு நீ அனுப்பிய போட்டோ வந்தது. இளைத்துவிட்டான் என்றாள் அம்மா. நான் உன் பின்னால் சுவரில் சாய்ந்திருந்த சைக்கிளைப் பார்த்தேன். பின் ரிம் துருப்பிடித்த பழசு, முன் ரிம் புத்தம் புதுசு. பிரேக் கேபிள் நுனிக்கு மூடி போடாமல் நூல் பிரிந்து நிற்கிறது. இரண்டு கையும் சரியாக இருக்கிற நீ அப்படி வேலையை விடுகிறவன் இல்லை. வலது கையைப் பாக்கெட்டிலேயே வைத்துக்கொண்டு படம் எடுத்திருக்கிறாய். நான் ஒன்றும் கேட்கவில்லை.

நீ ஜப்பானுக்கு, ஒகினாவா தீவுக்குப் போன நாளிலிருந்து அந்த ஊரைப் பற்றிப் படிப்பதுதான் எனக்கு வேலை. கொஞ்சம் எழுதுகிறேன், பொறுமையாகப் படி.

இங்கே பர்மாவில் 1970 டிசம்பர் 6ஆம் தேதி இடப்பக்க ஓட்டத்தை வலப்பக்கத்துக்கு மாற்றினார்கள். ஜப்பானின் பழைய பஸ்களை வாங்கி ஓட்டியதால் கதவு நடுரோட்டுப் பக்கம் திறந்தது. ஸ்பேர், அதாவது பஸ் உதவியாள், குதித்து இறங்கிக் கைகாட்டி ஆட்களை இறக்குவான். ஒகினாவாவில் 1978 ஜூலை 30ஆம் தேதி வலத்திலிருந்து இடத்துக்கு மாற்றினார்கள். கதவு சரியான பக்கம் இருக்கிற புது பஸ்களையும் வாங்கிவிட்டார்கள். ஆனால் கடேனாவிலுள்ள அமெரிக்க ராணுவ முகாமுக்கு வருகிற அமெரிக்கப் பையன்கள் வலப்பக்க ரோட்டில் பழகியவர்கள். நீயும் அப்படித்தான். வாசலிலிருந்து ரோட்டில் ஏறும்போது உங்கள் இரண்டு பேர் தலையும் முதலில் இடப்பக்கம் திரும்பும். அங்கே வண்டி வருவதோ வலப்பக்கமிருந்து. கேட் பக்கம் சைக்கிளில் போகும்போது டிரைவரின் கண்ணைப் பார். உன்னைப் பார்க்காதவனுக்கு முன்னால் போகாதே. வலது முதலில், பிறகு இடது, மறுபடி வலது.

அவர்கள் ஊர் வண்டியில் சிக்னல் லீவர் ஸ்டீயரிங்குக்கு இடப்பக்கம். ஜப்பான் வண்டியில் அது வலப்பக்கம், இடப்பக்கம் இருப்பது வைப்பர். புதிதாக வந்தவன் திரும்ப நினைத்துக் கையை வைத்தால் வைப்பர்தான் ஆடும். மழையில்லாத நாளில் ஒரு வண்டியில் வைப்பர் ஆடினால் அது திரும்பப் போகிறது என்று நினைத்துப் பிரேக் பிடி. கோடையில்தான் முகாமுக்கு ஆள் மாறுவது அதிகம், அப்போது இன்னும் கவனம். மழை வந்தாலோ அந்த ஊர் ரோடே எதிரி. தாரில் கலப்பது சுண்ணாம்புக் கல். டயர் தேய்த்துத் தேய்த்து அது வழுவழுப்பாகிவிடும். வளைவில் முன் பிரேக்கைத் தனியாகப் பிடிக்காதே.

மோனோரயில் 2019இல் உராசோயே வரைதான் நீண்டது, நீ இருக்கிற கோசாவுக்கு வரவில்லை. முகாம் நடுவில் உட்கார்ந்திருப்பதால் போக்குவரத்து முழுக்க 58ஆம் நம்பர் ரோட்டிலும் 330இலும் நெருக்குகிறது. கடேனா டவுனில் 82 சதவீத நிலம் முகாமுக்குள். உன்னை சைக்கிளில் போகாதே என்று சொல்ல எனக்கு வழியில்லை.

உன் பட்டறையில் ஷாக்கென் என்கிற கட்டாய வண்டிச் சோதனைக்கு வருகிற வண்டிகளில் பாதி, முகாம் அமெரிக்கர்களுக்குக் கொடுக்கிற 'ஒய்' எழுத்து நம்பர் பிளேட் என்று நீதான் சொன்னாய். ஊருக்குத் திரும்புகிற சிப்பாய் அடுத்தவனுக்கு மலிவாக விற்றுவிட்டுப் போகிறான், அப்படியே கைமாறிக் கைமாறி டயர் மொட்டையாகும் வரை ஓடுகிறது. அவர்களுக்குச் சம்பளம் 1ஆம் தேதியும் 15ஆம் தேதியும். உன் முதலாளிக்கும் அதுதான் வசூல் நாள். வாடிக்கைக்காரன் மேல் போலீசுக்குப் போகாதே, முகாமை நம்பித்தான் இந்த ஊர் பிழைக்கிறது என்று யாராவது உன்னிடம் சொல்லலாம். 1972இல் ஒகினாவா அமெரிக்கா கையிலிருந்து ஜப்பானிடம் திரும்பியபோது அதன் வருமானத்தில் முகாம் வழியாக வந்தது சுமார் 15 சதவீதம். இப்போது 5 சதவீதம் அளவுதான். நீ ஒரு புகார் கொடுத்தால் ஊர் பட்டினி கிடக்காது.

அடிபட்டவன் செய்ய வேண்டியது இது. அன்றைக்கே போலீஸ் நம்பர் 110க்கு அழைக்க வேண்டும். விட்டுப்போயிருந்தால் இப்போதாவது போலீசிடம் போக வேண்டும். நாள் போகப்போகக் காயத்துக்கும் விபத்துக்கும் தொடர்பில்லை என்பார்கள். டாக்டரிடம் ஷிந்தான்ஷோ என்கிற காயச் சீட்டு வாங்கிப் போலீசில் கொடுத்தால்தான் அது ஆள் காயப்பட்ட விபத்தாகப் பதிவாகும். இல்லையென்றால் வெறும் பொருள் சேதம். டாக்டர் சீட்டு முக்கியம். ஓட்டியவன் டியூட்டியில் இருந்தானா என்று கேட்டு எழுதி வை. டியூட்டி என்றால் மனு கொடுக்கும் இடம் ஒகினாவா பாதுகாப்புப் பணியகம், கடேனா டவுனிலேயே இருக்கிறது. ஜப்பான் அரசே நஷ்டஈடு கொடுத்துவிட்டுப் பின்னால் அமெரிக்காவிடம் பங்கு வாங்கும். டியூட்டி இல்லையென்றால் அவன் வண்டியின் இன்சூரன்ஸ். கட்டாய இன்சூரன்ஸ் காயத்துக்கு 12 லட்சம் யென் வரை தரும். வேலைக்குப் போகும் வழி என்றால் ரோசாய் என்கிற தொழிலாளர் விபத்து இன்சூரன்ஸ் உண்டு, அது வெளிநாட்டுக்காரனுக்கும் உண்டு. எவன் காகிதம் நீட்டினாலும் படிக்காமல் கையெழுத்துப் போடாதே. சமரசத்தில் கையெழுத்து விழுந்தால் பிறகு எலும்பு கோணினாலும் கேட்பது கஷ்டம். டாக்டர் சீட்டு வாங்கு.

நம் ஊரில் ரோடு மாறிய அதே 1970 டிசம்பரில், 20ஆம் தேதி கோசாவில் அமெரிக்கன் ஒருவன் கார் உள்ளூர்க்காரர் ஒருவரை இடித்தது. இவனையும் விட்டுவிடுவார்கள் என்று ஜனம் கூடி அமெரிக்கர்களின் 70க்கும் மேற்பட்ட வண்டிகளை எரித்தது. அமெரிக்கச் சிப்பாயை அந்த ஊர்க் கோர்ட் விசாரிக்க முடியாத காலம் அது. அவர்களுக்கு இல்லாத காகிதம் இன்றைக்கு உனக்கு இருக்கிறது.

அக்கா கல்யாணத்துக்கு நீ அனுப்பிய பணத்தை நான் தெருவெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறேன். அந்தப் பெருமையே உன் வாயைக் கட்டிப்போட்டதோ என்று ராத்திரியில் தோன்றுகிறது.

நீ ஏழாவது படிக்கும்போது ரங்கூன் தக்கேட்டாவில் உன் சைக்கிளை ஒரு கார் இடித்ததே. கார்க்காரர் நீட்டிய நோட்டுகளை வாங்கிக்கொண்டு, ஆஸ்பத்திரிக்குப் போகாமல், மஞ்சள் பத்துப் போட்டு உன்னைப் படுக்க வைத்தவன் நான். பஸ் வாடகை பாக்கி இருந்தது. அம்மாவிடம் சைக்கிளிலிருந்து விழுந்தான் என்று சொல்லச் சொன்னதும் நான்தான். மழைக்காலத்தில் அந்த மணிக்கட்டைத் தேய்த்துக்கொண்டே நீ உட்கார்ந்திருப்பதை எத்தனை வருஷம் பார்த்தேன். அதுவும் வலது கை. அடிபட்டால் மறைக்க வேண்டும் என்று உனக்குக் கற்றுக்கொடுத்தது நான். மன்னித்துவிடு ராஜா.

இந்த மாதமும் அடுத்த மாதமும் பணம் அனுப்பாதே. சமாளித்துக்கொள்வோம். இப்போதைக்கு ஊருக்கு வரவும் நினைக்காதே, காரணம் உனக்கே தெரியும். எக்ஸ்ரே எடுத்தால் அதைப் படம் பிடித்து என் நம்பருக்கு மட்டும் அனுப்பு. அம்மாவிடம் நானே பக்குவமாகச் சொல்கிறேன். கேபிள் நுனிக்கு ஒரு மூடி போடு, காலில் குத்தும்.

அப்பா