காரட் என்பது எடை; மாற்று அல்ல

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சென்ற இதழில் வைரம் வாங்குவோருக்கான கட்டுரையில், "காரட் கூடக் கூட வைரத்தின் சுத்தமும் கூடும்" என்று ஒரு வரி வந்திருக்கிறது. தங்கத்தின் காரட் வேறு, வைரத்தின் காரட் வேறு என்பது தாங்கள் அறியாததல்ல. தங்கத்தில் அது மாற்று: 24 பங்கில் எத்தனை பங்கு சுத்தத் தங்கம் என்ற கணக்கு. வைரத்தில் அது வெறும் எடை. 1 காரட் என்றால் 200 மில்லிகிராம். அதைத்தான் நூறு சென்ட் என்கிறோம். சொல் ஒன்றாக இருப்பதால் வாங்குபவர் குழம்புவது இயல்பு. அந்தக் குழப்பத்தைத் தீர்க்க வேண்டிய பக்கமே அதை அச்சிட்டுக் கொடுத்திருப்பதுதான் மனத்தை வருத்துகிறது.

சுத்தத்துக்குத் தனி அளவுகோல் உண்டு. பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸில் பார்த்து, குறையே இல்லாத எஃப்எல் தொடங்கி குறை மிகுந்த ஐ3 வரை 11 படிகளாகப் பிரிக்கிறார்கள். அவற்றில் நடுப் படியான விஎஸ்2 கல்லில் உள்ள குறைப் புள்ளி பெரும்பாலும் வெறும் கண்ணுக்குத் தெரியாது. அதைவிட உயர்ந்த படிக்குக் கூடுதலாகக் கொடுக்கும் பணம், லென்ஸில் மட்டுமே தெரியும் சுத்தத்துக்குக் கொடுக்கும் பணம் என்று ஒரு வரி எழுதியிருந்தால் எத்தனையோ பேருக்கு உதவியிருக்கும். நிறத்துக்கு, நிறமே இல்லாத டி முதல் மஞ்சளேறிய இஸட் வரை. அதையும் கல்லைக் கவிழ்த்து, வெள்ளைக் காகித மடிப்பில் வைத்து, பக்கவாட்டில் பார்க்க வேண்டும். நகையில் பதித்த பிறகு சரியாகச் சொல்ல முடியாது. மஞ்சள் தங்கம் கல்லின் மஞ்சளை மறைத்துவிடும்.

'கட்' என்பதைக் கட்டுரை வட்டம், சதுரம் என்று வடிவமாகவே முடித்துவிட்டது. கல்லுக்கு உயிர் கொடுப்பது பட்டை தீட்டிய விதம்தான். வட்ட வைரத்தில் 57 அல்லது 58 பட்டைகள். அடிப்பாகத்தின் சாய்வு ஏறக்குறைய 41 பாகையில் இருந்தால், மேலே நுழைந்த ஒளி உள்ளே திரும்பி மேல்வழியாகவே வெளிவரும். ஆழம் கூடினால் கல்லின் நடு இருண்டுபோகும். குறைந்தால் மேல்முகத்துக்குள் மீன்கண் போல வெளிறிய வளையம் தெரியும். ஆழமான கல்லில் எடை வயிற்றில் ஒளிந்திருக்கும். கல்லின் விளிம்பைச் சுற்றியுள்ள இடுப்புப் பட்டை தடித்திருந்தாலும் அப்படியே. நன்றாகத் தீட்டிய 1 காரட் வட்டக் கல்லின் குறுக்களவு சுமார் 6.5 மில்லிமீட்டர். 6.1 என்று காட்டினால், காசு கொடுத்த எடை கண்ணில் படாது. அதனால் எடையோடு மில்லிமீட்டரையும் கேட்க வேண்டும். கடையின் கூர்விளக்கில் எந்தக் கல்லும் மின்னும். அதைவிட்டு விலகி, சாதாரண வெளிச்சத்தில் பார்க்க வேண்டும்.

இது முதல் தடவையும் அல்ல. தண்ணீரில் மூழ்கினால் அசல் என்று முன்பு ஒரு குறிப்பு வந்தது. கண்ணாடியும் மூழ்கும், வைரத்தைவிடக் கனமான செயற்கைக் கல்லான சிர்கோனியாவும் மூழ்கும். சுத்தியலால் தட்டிப் பார்க்கலாம் என்று இன்னொரு குறிப்பு. கீறல் தாங்கும் கடினம் வேறு, அடி தாங்கும் வலு வேறு. வைரம் நான்கு திசைகளில் பிளக்கக்கூடியது. வெப்பத்தை அறியும் பேனா டெஸ்டர் போதும் என்றீர்கள். வைரம்போல் தோன்றும் வேறு கல்லான மொய்ஸனைட் அதில் வைரமாகவே தேறிவிடும். அந்தக் கல்லைச் சாய்வாக வைத்து லென்ஸில் பார்த்தால்தான் அதன் பட்டைக் கோடுகள் இரட்டையாகத் தெரியும். ஆய்வகத்தில் வளர்த்த வைரத்தைப் 'போலி' என்றீர்கள். அதுவும் அதே கார்பன்தான். லென்ஸும் டெஸ்டரும் பிரித்துக் காட்டாது, ஆய்வகக் கருவி வேண்டும். 'ப்ளூ ஜாகர்' உயர்ந்த தரம் என்றீர்கள். அது தென்னாப்பிரிக்காவின் ஜாகர்ஸ்ஃபான்டைன் சுரங்கத்தின் பெயரால் வந்த வியாபாரச் சொல். தரச் சான்றிதழில் அப்படி ஒரு படியே இல்லை.

சான்றிதழ் இருந்தால் கவலையில்லை என்று கட்டுரை முடிகிறது. அந்தச் சான்றிதழ் கையிலிருக்கும் கல்லுக்குத்தான் உரியதா? லேசர் எண் பொறித்த கல்லானால், இடுப்புப் பட்டையில் உள்ள எண்ணை லென்ஸில் படித்து, சான்றிதழோடு ஒப்பிடச் சொல்லியிருக்க வேண்டும்.

வைரக் காரட் எடையைக் குறிக்கும், சுத்தத்தை அல்ல என்ற ஒரு வரித் திருத்தத்தை, அடுத்த இதழில், அதே பக்கத்தில், அதே எழுத்தளவில் வெளியிடுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
வைரத் தரம் பிரிக்கும் தொழிலில் உள்ள வாசகர்