ஒரே மேடையில் இரண்டு குழு: நன்றி சொல்ல நிறையப் பேர்

அன்புள்ள நண்பர்களுக்கும், இந்தக் கல்லூரி ஊரில் இருக்கும் நம் தமிழ்க் குடும்பங்களுக்கும்,

வணக்கம். எங்கள் பல்கலைக்கழகத்தின் சிம்பொனி ஆர்கெஸ்ட்ராவும் ஜாஸ் குழுவும் சேர்ந்து நடத்திய டிசம்பர் கச்சேரி நல்லபடியாக முடிந்தது. துறை சார்பில் ஆங்கிலத்தில் ஒரு நன்றிக் கடிதம் போய்விட்டது. நிகழ்ச்சி நிரலின் கடைசிப் பக்கத்திலும் நன்கொடையாளர் பட்டியல் அச்சாகியிருந்தது. நாற்காலி தூக்கியவர்களும் வண்டி ஓட்டியவர்களும் பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டவர்களும் இரண்டிலும் இல்லை. இரண்டாம் வயலின் வரிசையில் வாசிப்பதோடு இசைத்தாள்களைப் பார்த்துக்கொள்ளும் வேலையும் என் தலையில் இருந்ததால், யார் என்ன செய்தார்கள் என்பது எனக்குக் கொஞ்சம் கூடுதலாகவே தெரியும். பெயர் போட வேண்டாம் என்று பலர் சொல்லிவிட்டார்கள். பரவாயில்லை, படிக்கும்போது அவரவருக்குத் தெரிந்துவிடும்.

டிக்கெட் விற்கப் போன இடத்திலெல்லாம் எனக்கு வந்த முதல் கேள்வி: "ராஜா சார் லண்டன்ல செஞ்சாரே, அது மாதிரியா?" 2025 மார்ச் 8 அன்று இளையராஜா லண்டனில் அரங்கேற்றியது முழு சிம்பொனி. நாங்கள் செய்தது வேறு. ஆனால் அந்தக் கேள்வி எனக்குப் பிடித்திருந்தது. வயலின் கூட்டத்தையும் சாக்ஸபோன், டிரம்பெட், டிரம்ஸ் செட்டையும் ஒரே பாட்டில் சேர்த்துக் கேட்பது நமக்குப் பழக்கம்தானே? கோடம்பாக்கத்து ரெக்கார்டிங் தியேட்டர்களில் எம்.எஸ்.வி. காலத்திலேயே அது அன்றாட வேலை. இங்கே 'இது சரிப்பட்டு வருமா' என்று முகம் சுளித்த சிலரைப் பார்த்தபோது, நம் ஊர் மெல்லிசைக் குழுவில் கீபோர்டு வாசிக்கும் பையனைக் கூட்டிவந்து காட்டலாமா என்று தோன்றியது.

வர முடியாதவர்களுக்காக, என்ன வாசித்தோம் என்று சொல்லிவிடுகிறேன். முதல் பாதி முழுக்க 'நட்கிராக்கர்'. ரஷ்ய இசையமைப்பாளர் சாய்கோவ்ஸ்கி 1892இல் எழுதி முடித்த பாலே நடன இசை அது. அதிலிருந்து அவரே கச்சேரிக்காகத் தொகுத்த சூட் (suite) என்ற தொகுப்புதான் உலகெங்கும் டிசம்பரில் ஒலிப்பது. 1960இல் அமெரிக்க ஜாஸ் கலைஞர்கள் டியூக் எலிங்டனும் பில்லி ஸ்ட்ரேஹார்னும் அதை எடுத்து, பகுதி பகுதியாகப் பிரித்து, தங்கள் பிக் பேண்டுக்காக, அதாவது பெரிய ஜாஸ் குழுவுக்காக, மறுபடி எழுதினார்கள். நாங்கள் இரண்டையும் மாற்றி மாற்றி வாசித்தோம். ஆர்கெஸ்ட்ரா ஒரு நடனத்தை முடிக்கும், ஜாஸ் குழு அதே மெட்டைத் தன் பாணியில் திருப்பிச் சொல்லும். எலிங்டனின் வடிவத்தை ஒரு வேடிக்கையாக மட்டும் பார்ப்பவர்கள் உண்டு. நான் அந்தக் கட்சி இல்லை. ஒரு மெட்டை இத்தனை தூரம் பிரித்துப் பார்க்க, அதன் மேல் அத்தனை மரியாதை வேண்டும்.

அதில் வரும் சர்க்கரைப் பழத் தேவதையின் நடனத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். மூலத்தில் அதன் மெட்டை வாசிப்பது செலெஸ்டா. இந்த வாத்தியத்தைப் பாரிஸில் ஓகுஸ்த் முஸ்தெல் 1886இல் உருவாக்கினார். பார்க்கச் சின்ன பியானோ மாதிரி இருக்கும். உள்ளே கம்பிகளுக்குப் பதில் உலோகத் தகடுகள். பாரிஸில் அதைக் கண்ட சாய்கோவ்ஸ்கி, சக ரஷ்ய இசையமைப்பாளர்களான ரிம்ஸ்கி-கோர்சகோவும் கிளாசுனோவும் முந்திக்கொள்ளக் கூடாது என்று, ரகசியமாக வரவழைக்கும்படி தன் பதிப்பாளருக்கு எழுதினார். அப்படி வந்த அந்தக் கிணுகிணு மெட்டை எலிங்டனும் ஸ்ட்ரேஹார்னும் டெனர் சாக்ஸபோனின் கீழ் ஸ்தாயிக்கு இறக்கிவிட்டார்கள். தேவதை நள்ளிரவுக்கு மேல் எங்கிருந்தோ மெதுவாக நடந்து வருகிறாள். பெயரையும் 'சுகர் ரம் செர்ரி' என்று மாற்றினார்கள்.

எங்களிடம் செலெஸ்டா இல்லை. கீபோர்டில் அந்தச் சத்தத்தை வைத்துச் சமாளிக்கலாம் என்று ஒரு பேச்சு ஓடியது. அடுத்த அறையிலிருந்து கேட்டால் வித்தியாசம் தெரியாதுதான். மேடையில் தெரியும். கடைசியில் பக்கத்து ஊர்த் தேவாலயம் ஒன்று தன் செலெஸ்டாவைக் கடன் கொடுத்தது, வாடகை வாங்காமல். பனி கொட்டிய காலையில் அதைக் கம்பளியில் சுற்றி வேனில் ஏற்றிக் கொண்டுவந்த நம் பசங்களுக்கு முதல் நன்றி. இறக்கியதும் கையை வைக்கவே விடாமல், அறைச் சூட்டுக்கு அது பழகட்டும் என்று காவல் காத்த அக்காவுக்கு இரண்டாவது.

எலிங்டன் குழுவின் டிரம்பெட், டிராம்போன்காரர்கள் 1920களிலேயே ஒரு வித்தை கண்டிருந்தார்கள். குழாய் அடைப்பு எடுக்கும் ரப்பர் பிளஞ்சரின் கைப்பிடியைக் கழற்றிவிட்டு, அந்த ரப்பர் கிண்ணத்தை வாத்தியத்தின் வாயில் மூடி மூடித் திறப்பது. மனிதக் குரல் மாதிரியே உறுமும், சிணுங்கும். இன்றும் அதற்கு அதே பிளஞ்சர்தான். மெயின் ரோட்டு ஹார்டுவேர் கடைக்காரர், நாங்கள் அள்ளிக்கொண்டு வந்ததைப் பார்த்துவிட்டு, "உங்கள் விடுதியில் நிலைமை அவ்வளவு மோசமா?" என்று கேட்டார். விஷயம் தெரிந்ததும் பாதி விலைக்குக் கொடுத்தார். கச்சேரிக்கும் வந்திருந்தார்.

இப்போது நான் அதிகம் கடன்பட்ட இடத்துக்கு வருகிறேன். இரண்டாம் பாதியில் இசையமைப்புத் துறை மாணவர் ஒருவர் இரண்டு குழுவுக்கும் சேர்த்து எழுதிய புதுப் படைப்பு. அதில் வயலின்களும் ஸ்விங் வாசிக்க வேண்டும். தாளில் அரை அடி நீளச் சுரங்கள் இரண்டிரண்டாக, சமமாகத்தான் எழுதியிருக்கும். ஜாஸ்காரர்கள் அதைச் சமமாக வாசிக்கமாட்டார்கள். முதல் சுரம் நீளும், இரண்டாவது குறுகும். எவ்வளவு என்று தாள் சொல்லாது. ஆர்கெஸ்ட்ராவில் வளர்ந்தவர்களுக்கு எழுதியதை எழுதியபடி வாசிப்பதுதான் ஒழுக்கம். ஆகவே எங்கள் வரிசையில் ஆளுக்கொரு ஸ்விங் ஓடியது.

ஊரில் நம் பிள்ளைகளுக்கு மிருதங்கம் சொல்லிக்கொடுக்கும் அண்ணா ஒருநாள் ஒத்திகைக்கு வந்து உட்கார்ந்தார். சிரித்துக்கொண்டே, "திஸ்ர நடையில் போங்க" என்றார், அதாவது ஒரு அடியை மூன்றாகப் பிரித்து. தகிட, தகிட என்று சொல்லவைத்தார். அப்புறம் முதல் இரண்டையும் ஒட்டச் சொன்னார்: தா…ட, தா…ட. அவ்வளவுதான், கணக்கு பிடிபட்டது. கொரியாவிலிருந்து வந்த பெண்ணும் விஸ்கான்சின் பண்ணைப் பையனும் தரைத்தள அறையில் "தகிட" சொல்லிக்கொண்டு வில் போட்டதை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். அதோடு அவர் விடவில்லை. காலப்பிரமாணம், அதாவது வேகம், கூடக் கூட இந்தத் திஸ்ரம் தேய்ந்து கிட்டத்தட்டச் சமமாகிவிடும், கணக்கைப் பிடித்துக்கொண்டு தொங்காதீர்கள், டிரம்மர் தாளம் தட்டும் ரைடு சிம்பல் என்ற பித்தளைத் தட்டைக் கேளுங்கள் என்றார். ஜாஸ் டிரம்மர் அதைக் கேட்டுத் தலையாட்டினார். அதன்பிறகு இடைவேளைகளில் இருவரும் மேசையில் தட்டிக்கொண்டே பேசிக்கொண்டிருந்தார்கள். என்ன பேசினார்கள் என்று வேறு யாருக்கும் புரிந்ததாகத் தெரியவில்லை.

அண்ணா, நீங்கள் பணம் வாங்க மறுத்துவிட்டீர்கள். எங்கள் வரிசை உங்களுக்கு ஒரு விருந்து வைக்கும். தேதி மட்டும் சொல்லுங்கள்.

நடை சரியான பிறகும் இரண்டு குழுவும் ஒட்டாமல் நின்றன. காரணம் கண்டுபிடித்தவர் ஒலிப்பொறியாளர். மேடையின் ஒரு கோடியில் டிரம்ஸ், மறுகோடியில் வயலின்கள். நடுவே ஏறத்தாழ 15 மீட்டர். சத்தம் விநாடிக்குச் சுமார் 343 மீட்டர் போகும். அப்படியென்றால் டிரம்மின் அடி எங்களை எட்ட 44 மில்லிவிநாடி ஆகும். நிமிடத்துக்கு 160 அடி வேகத்தில் 'தகிட'வின் ஓர் எழுத்துக்கு 125 மில்லிவிநாடிதான் இடம். அதில் மூன்றில் ஒரு பங்கு வழியிலேயே கரைந்துவிடுகிறது. காதை நம்பி வாசித்தால் பிந்துவோம், குழுவை நடத்தும் கண்டக்டரின் கோலை நம்பினால் முந்துவோம். ஒலிப்பொறியாளர் டிரம்ஸையும் பேஸ் வாத்தியத்தையும் மேடையின் நடுவுக்குக் கொண்டுவந்தார். வயலின்காரர்களின் காது தப்பிக்க டிரம்ஸைச் சுற்றிக் கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் தடுப்பு வைத்தார். டிரம்ஸ் எங்களுக்குக் கேட்க, எங்கள் காலடியில் மானிட்டர் என்ற சின்ன ஸ்பீக்கர் ஒன்றையும் வைத்தார். ஒரு மாலை வேலைதான். ஆனால் அன்றைக்குத்தான் இது ஒரே கச்சேரி ஆனது என்பது என் எண்ணம். இந்த இடமாற்றத்தால் தங்கள் நாற்காலியை இழந்து ஓரமாகப் போன வயோலா (வயலினைவிடச் சற்றுப் பெரிய வாத்தியம்) வாசிப்பவர்களுக்குத் தனி நன்றி. அவர்கள் பாவம், எப்போதும் அவர்கள்தான் நகர்கிறார்கள்.

முடிவில் அமெரிக்க இசையமைப்பாளர் கெர்ஷ்வினின் 'ராப்சடி இன் புளூ'. 1924 பிப்ரவரி 12 அன்று நியூயார்க் ஏயோலியன் ஹாலில் பால் வைட்மன் குழுவோடு, கெர்ஷ்வினே பியானோவில் உட்கார்ந்து அரங்கேற்றியது. எந்த வாத்தியம் எதை வாசிக்கும் என்று அந்தக் குழுவுக்காகப் பிரித்து எழுதியவர் ஃபெர்டி கிரோஃபே. இன்று முழு ஆர்கெஸ்ட்ராவுக்கான 1942 வடிவம்தான் அதிகம் கேட்கிறது. நாங்கள் பழைய 1924 வடிவத்தை எடுத்தோம். வயலினும் சாக்ஸபோனும் பான்ஜோவும் பக்கத்தில் பக்கத்தில் உட்காரும் வடிவம் அது. தொடக்கத்தில் கிளாரினெட் வழுக்கிக்கொண்டு மேலே ஏறுமே, அதைக் கெர்ஷ்வின் தனித்தனிச் சுரங்களாகத்தான் எழுதினார். ஒத்திகையில் வைட்மன் குழுவின் கிளாரினெட்காரர் ராஸ் கோர்மன் விளையாட்டாக இழுத்து வாசித்தார், கெர்ஷ்வின் அதையே வைத்துக்கொண்டார். எங்கள் கிளாரினெட் பெண் அதை வாசித்ததும் பின்வரிசையில் நம் பாட்டி ஒருவர் "பலே!" என்றது மேடை வரை கேட்டது. பக்கத்து இருக்கைக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்களாம். பாட்டி, கவலைப்படாதீர்கள். ஜாஸில் தனி வாசித்து முடித்தால் நடுவிலேயே கைதட்டுவது வழக்கம், நம் தனி ஆவர்த்தனத்துக்குத் தட்டுவது போலத்தான். அந்தப் பெண் உங்களைச் சந்திக்க வேண்டும் என்கிறாள்.

பல்கலைக்கழகத்தில் பான்ஜோ வாசிப்பவர் யாரும் அகப்படவில்லை. தபால் அலுவலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற பெரியவர் ஒருவர் வந்தார். சுரம் பார்த்து வாசிக்கப் பழக்கமில்லை என்று முதலில் தயங்கினார். பிறகு கார்டுகளின் (chord, சேர்த்து ஒலிக்கும் சுரங்கள்) பெயர்களைப் பெரிய எழுத்தில் தானே எழுதிக்கொண்டு, எங்களை எல்லாம்விடச் சுத்தமாக வாசித்துவிட்டுப் போனார்.

மற்றபடி, ஒத்திகை நாட்களில் எலுமிச்சை சாதமும் சுண்டலும் அனுப்பிய வீடுகளுக்கு நன்றி. டிராம்போன் வரிசை உங்களுக்கு அடிமை. மூன்று குடும்பத்துப் பிள்ளைகளை ஒரே வீட்டில் வைத்துச் சமாளித்த மாமிக்கு நன்றி. வண்டி நிறுத்துமிடத்தில் பனி தள்ளியவர்கள், நேரலையைச் சென்னையில் விடியும் முன் எழுந்து பார்த்த என் அப்பா, அவரோடு பார்த்துவிட்டு "நீ எங்கேப்பா இருந்தே, தெரியவே இல்லையே" என்று போன் செய்த பக்கத்து வீட்டு மாமா, எல்லோருக்கும் நன்றி. மாமா, தடுப்புக்குப் பின்னால் இருந்தேன்.

இரண்டு விஷயம் பாக்கி இருக்கிறது. எலுமிச்சை சாதம் வந்த பெரிய எவர்சில்வர் அடுக்கு ஒன்று இசைத்தாள் அறையில் இருக்கிறது; அடியில் 'கே.எஸ்.' என்று வெட்டியிருக்கிறது, உரியவர் எடுத்துக்கொள்ளலாம். அப்புறம், வாடகைக்கு எடுத்த இசைத்தாள்களில் நாங்கள் போட்ட பென்சில் குறிகள் அத்தனையையும் அழித்துத்தான் திருப்பி அனுப்ப வேண்டும். வரும் சனிக்கிழமை காலை பத்து மணிக்கு அதே தரைத்தள அறையில் உட்காருகிறோம். கை கொடுக்க முடிந்தவர்கள் நல்ல ரப்பர் ஒன்றோடு வாருங்கள். காபி உண்டு.

நன்றியுடன்,
இரண்டாம் வயலின் வரிசை, கடைசி நாற்காலி