திங்கட்கிழமை அந்த லெட்டரைக் கொடுக்காதே, பாப்பா

பாப்பா,

குடும்ப குரூப்பில் நீ போட்டதை எல்லோரையும் போல நானும் அங்கேதான் படித்தேன். "பூஜை லீவு முடிஞ்சு திங்கட்கிழமை பி.இ. டிஸ்கன்டினியூ லெட்டர் கொடுக்கப் போறேன். லா படிக்கப் போறேன். இதுல பேச ஒண்ணுமில்ல." சரி, பேசவில்லை. எழுதுகிறேன். இதே குழப்பத்தில் இருக்கும் வேறு பிள்ளைகளுக்கும் உதவட்டும் என்றுதான் பொதுவில் எழுதுகிறேன். உங்கப்பாவும் படிப்பார். அதனால் சில இடங்களில் பாதியில் நிறுத்திக்கொள்வேன், உனக்குப் புரியும்.

லாவுக்குப் போ. அதில் எனக்கு மறுப்பே இல்லை. என் சண்டையெல்லாம் அந்தத் திங்கட்கிழமையோடுதான்.

மூன்றாவது செமஸ்டர் பாதியில் இருக்கிறாய். இன்றைக்கே விலகினாலும் இந்த வருடம் எந்தச் சட்டக் கல்லூரியிலும் உனக்கு இடமில்லை. அம்பேத்கர் சட்டப் பல்கலைக்கழகம் ஐந்தாண்டுப் படிப்புக்கு விண்ணப்பம் வாங்குவது பிளஸ் டூ ரிசல்ட்டை ஒட்டித்தான். நீ வகுப்பில் போய் உட்காரும்போது, பி.இ. சேர்ந்து இரண்டு வருடம் ஆகியிருக்கும். இரண்டும் ஐந்தும் ஏழு. பி.இ.யை முடித்துவிட்டு மூன்றாண்டு எல்.எல்.பி. போனால் நாலும் மூன்றும் ஏழு. எப்படிப் போனாலும் கறுப்புக் கோட்டு அதே வருடம்தான். முதல் வருடம் முடிந்த கையோடு கிளம்பியிருந்தால் ஒரு வருடம் மிச்சமாகியிருக்கும். அப்போது யாரிடமும் வாயைத் திறக்காதவள், இப்போது அறுபது பேர் இருக்கும் குரூப்பில் அறிவிக்கிறாய்!

படித்த இரண்டு செமஸ்டரின் கிரெடிட்டை அங்கே கொண்டுபோகலாம் என்று உன் ஃபிரெண்ட் சொன்னாளாம். முடியாது. சட்டப் படிப்புக்கும் வக்கீல் தொழிலுக்கும் விதி போடும் பார் கவுன்சிலின் 2008-ஆம் ஆண்டு சட்டக் கல்வி விதிகள் நடுவில் நுழைவதையே தடை செய்கின்றன. பி.இ.யில் நீ எவ்வளவு மார்க் எடுத்திருந்தாலும் லாவில் முதல் வருடம் முதல் நாளிலிருந்துதான். இரண்டையும் சேர்த்துப் படிக்கலாம் என்பதும் நடக்காது. ஒரே நேரத்தில் இரண்டு பட்டம் படிக்கலாம் என்று பல்கலைக்கழக மானியக் குழு (யு.ஜி.சி.) 2022-இல் சொன்னது உண்மை. ஆனால் சட்டப் படிப்போடு இன்னொரு ரெகுலர் படிப்பைச் சேர்க்க பார் கவுன்சில் விதி இடம் கொடுக்கவில்லை.

அப்படியானால் ஐந்தாண்டுப் படிப்பு வீண் என்றா சொல்கிறேன்? இல்லை. தேசிய சட்டப் பல்கலைக்கழகம் ஒன்றில் இடம் கிடைத்தால், திருச்சியில் இருப்பதும் அதில் ஒன்று, கண்ணை மூடிக்கொண்டு போ. அதற்கு கிளாட் என்கிற நுழைவுத் தேர்வு எழுத வேண்டும். தேர்வு டிசம்பர் தொடக்கத்தில் வரும். 120 கேள்வி, இரண்டு மணி நேரம், ஒவ்வொரு தவறான பதிலுக்கும் கால் மார்க் போகும். இதை எழுத பி.இ.யை விட வேண்டிய அவசியமே இல்லை. இடம் கிடைத்த பிறகு விலகு. இடத்தைப் பிடிக்காமல் டி.சி.யை வாங்கிவிட்டுத் திண்டாடுகிறவர்களை அட்மிஷன் செக்‌ஷனில் இருப்பவர்கள் எல்லாருமே பார்த்திருப்பார்கள்.

கிடைக்காவிட்டால்? இங்கே மாநிலக் கல்லூரிகளில் ஐந்தாண்டுப் படிப்புக்குப் பிளஸ் டூ மார்க்கைத்தான் பார்க்கிறார்கள். அது இனி ஏறவும் போவதில்லை, இறங்கவும் போவதில்லை. மூன்றாண்டுப் படிப்புக்கு டிகிரி மார்க். அது இன்னும் உன் கையில் இருக்கிறது. பி.இ. பட்டம் லாவிலும் உதவும். கண்டுபிடிப்புகளுக்குக் காப்புரிமை வாங்கித் தரும் காப்புரிமை முகவருக்கான தேர்வு எழுத வேண்டுமென்றால் அறிவியல் அல்லது பொறியியல் பட்டம் இருந்தே ஆக வேண்டும், சட்டப் பட்டம் மட்டும் போதாது. சென்னை உயர் நீதிமன்றத்தில் காப்புரிமை போன்ற அறிவுசார் சொத்துரிமை வழக்குகளுக்குத் தனிப் பிரிவே இருக்கிறது. உன்னைப் போல இ.சி.இ. (எலெக்ட்ரானிக்ஸ்) தெரிந்த வக்கீலுக்கு அங்கே என்ன மதிப்பு என்று நீயே விசாரித்துப் பார்.

அன்றைக்கு ராத்திரி நினைவிருக்கிறதா? பி.இ. கவுன்சிலிங்கில் காலேஜ்களை வரிசைப்படுத்திக் கொடுக்கும் சாய்ஸ் ஃபில்லிங்கின் கடைசி நாள். என் அண்ணன், அதான் உங்கப்பா, காலேஜ் கோடு எண்களை ஒவ்வொன்றாகச் சொல்ல, நீ டைப் அடித்துக்கொண்டிருந்தாய். லாக் பண்ணும் ஓடிபி அவர் போனுக்குத்தான் வந்தது. அவர் எண்ணை வாசிக்கும் முன்னால் நீ என் பக்கம் திரும்பி, மெதுவாக, "அத்தை, லா அப்ளிகேஷன் இன்னும் மூடலதானே?" என்றாய். "முதல்ல இதை லாக் பண்ணு" என்றேன். நீ அண்ணனைப் பார்க்கவில்லை, என்னையும் பார்க்கவில்லை, கீபோர்டைப் பார்த்தாய். அதற்கு உன்னிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும்தான். ஆனால் அந்த வீட்டில், அந்த நேரத்தில், நான் வேறு என்ன சொல்லியிருக்க முடியும்? பி.இ. சீட்டும் இல்லாமல் லாவும் கிடைக்காமல் போயிருந்தால் பழி யார் தலையில் விழுந்திருக்கும்? அண்ணனைப் பற்றி இங்கே இதற்கு மேல் வேண்டாம். "அத்தைக்கு என்ன தெரியும்" என்று குரூப்பில் எழுதினாயே, அது மட்டும் இன்னும் உறுத்துகிறது.

ஹாஸ்டலில் சுருண்டு படுத்திருக்கிறாய் என்று உன் அம்மா சொன்னாள். சாப்பிடு, எழுந்து வகுப்புக்குப் போ. அட்டெண்டன்ஸ் 75 சதவீதம் வேண்டும். 65-க்கு மேல் இருந்தால் மெடிக்கல் காரணம் காட்டலாம். அதற்கும் கீழே போனால் பரீட்சை எழுத விடமாட்டார்கள், இதே செமஸ்டரை அடுத்த வருடம் ஜூனியர்களோடு உட்கார்ந்து படிக்க வேண்டும். உண்மையிலேயே முடியவில்லை என்றால் விலகாதே, படிப்பைக் கொஞ்ச காலம் நிறுத்திவைக்கும் பிரேக் கேள். செமஸ்டர் பரீட்சைக்குப் பதிவு செய்யும் கடைசி நாளுக்குள் பிரின்சிபால் வழியாக எழுதிக் கொடுக்க வேண்டும்.

கடைசியில் விலகத்தான் போகிறாய் என்றால், மீதி வருடங்களின் ஃபீஸைக் கட்டினால்தான் சர்டிஃபிகேட் தருவோம் என்று ஆபீஸில் சொல்லலாம். பணிந்துவிடாதே. படிக்காத வருடங்களுக்குக் கட்டணம் கேட்கக் கூடாது, அசல் சான்றிதழைப் பிடித்து வைக்கக் கூடாது என்பது இன்ஜினியரிங் கல்லூரிகளைக் கண்காணிக்கும் ஏ.ஐ.சி.டி.இ.யின் விதி. வாயால் கேட்காதே, எழுத்தில் கேள். நகலில் சீல் போட்டு வாங்கிக்கொள். தரவில்லை என்றால் அந்த நகலோடு ஏ.ஐ.சி.டி.இ.க்குப் புகார் அனுப்பு.

இனி கடன். மத்திய அரசின் வட்டி மானியத்தோடு வாங்கிய கல்விக் கடன் என்றால், உடம்பு சரியில்லை போன்ற காரணம் இல்லாமல் படிப்பைப் பாதியில் விட்டவர்களுக்கு அந்த மானியம் கிடையாது. மானியம் ஒரு முறைதான். லாவுக்குக் கடன் வாங்கினால் வட்டி முழுதும் உங்கள் தலையில்தான். பி.இ. கடனுக்கு, படிப்பு முடிந்து ஒரு வருடம் கழித்துத் தொடங்க வேண்டிய தவணை முன்கூட்டியே வரலாம். கடன் சாங்ஷன் லெட்டரைப் படித்துவிட்டு பேங்க் மேனேஜரை நேரில் பார். அந்த லெட்டர் அண்ணனின் பீரோவில், மேல் தட்டில் இருக்கிறது. அதை அவரிடம் கேட்டு வாங்க வேண்டியது நீதான். இந்த முறை நடுவில் நான் வரமாட்டேன்.

அத்தை