மழை விடுமுறை அறிவிப்பில் இன்னும் ஒரு வரி வேண்டும்

மதிப்புக்குரிய மாவட்ட ஆட்சியர்களுக்கு,

வணக்கம். ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் விடிந்தும் விடியாமலும் நாங்கள் தேடுவது உங்கள் அறிவிப்பைத்தான். கனமழை காரணமாக இன்று பள்ளிகளுக்கு விடுமுறை என்று வந்துவிட்டால் பெற்றவர்களுக்குப் பெரிய நிம்மதி. சரியான நேரத்தில் அதைச் சொல்ல நீங்கள் எவ்வளவு தகவல்களைப் பார்க்கவேண்டியிருக்கும் என்பது எனக்குப் புரிகிறது. அதற்கு முதலில் நன்றி சொல்லிக்கொள்கிறேன். அந்த அறிவிப்பின் கீழேயே, அன்றைக்கு முடியும் அரசு வேலைகளின் கடைசித் தேதி சில நாள் தள்ளிப்போகிறது என்று இன்னும் ஒரு வரி சேர்க்கச் சொல்லித்தான் இந்தக் கடிதம்.

பிள்ளைகள் ரோட்டில் இறங்கக் கூடாத நாள் என்று நீங்கள் அறிவிக்கிற அதே நாளில், அந்தப் பிள்ளைகளை இடுப்பிலும் கையிலும் பிடித்துக்கொண்டு நாங்கள் ரோட்டில் இறங்குகிறோம். பள்ளிக்குத்தான் விடுமுறை. ரேஷன் கடை, இ-சேவை மையம், வங்கி, கேஸ் ஏஜென்சி எல்லாம் திறந்திருக்கும். ஏதோ ஒன்றுக்குக் கடைசித் தேதி அன்றைக்கோ மறுநாளோ இருக்கும். பள்ளி இருந்தாலாவது பெரியவன் வகுப்பில் உட்கார்ந்திருப்பான். பள்ளியும் இல்லை, சில நாள்களில் அங்கன்வாடியும் இல்லை என்றால் வீட்டில் யாரிடம் விட்டுவிட்டுப் போவது? எங்கள் பக்கத்தில் பல வீடுகளில் கணவர் திருப்பூரிலோ சிங்கப்பூரிலோ இருக்கிறார். மாமியாருக்கு முட்டிவலி. ஆக, விடுமுறை விட்டதாலேயே பிள்ளைகள் மழையில் நனைகிறார்கள்.

நான் சீர்காழி பக்கத்துக் கிராமத்தில் இருக்கிறேன். 2022 நவம்பர் 11 அன்று ஒரே நாளில் ஏறக்குறைய 44 செ.மீ. மழை கொட்டிய ஊர் இது. மழை என்றால் எங்களுக்குப் பயம் இல்லை, பழகியதுதான். ஆனால் வாய்க்கால் எது, ரோடு எது என்று தெரியாமல் தண்ணீர் நிற்கும்போது கைக்குழந்தையோடு நடப்பது பழகக்கூடிய விஷயம் இல்லை. 2022 அக்டோபரில் சென்னையில் மழைநீர் வடிகால் பள்ளத்தில் விழுந்து ஓர் இளம் பத்திரிகையாளர் இறந்துபோனார். வளர்ந்த ஆளுக்கே அந்தக் கதி என்றால் நான்கு வயதுப் பிள்ளைக்கு?

பிள்ளையை ஏன் கூட்டிப்போக வேண்டும் என்று கேட்கலாம். பல வேலைகளுக்குப் பிள்ளையே நேரில் வந்தாக வேண்டும். ஐந்து வயது ஆனதும் ஆதாரில் கைரேகையும் கண் கருவிழியும் பதியவேண்டும். ரேஷன் அட்டையில் பெயர் உள்ள ஒவ்வொருவரும் கைரேகை வைக்கவேண்டும் என்றார்கள், அதில் ஐந்து வயது தாண்டிய பிள்ளைகளும் உண்டு. வைக்காவிட்டால் பெயரை நீக்கிவிடுவார்கள் என்று ஊரில் பேச்சு கிளம்பியது. நீக்கமாட்டோம் என்று அரசு விளக்கம் சொன்ன பிறகும் அந்தப் பயம் இன்னும் முழுதாகப் போகவில்லை. துவரம் பருப்பு கிலோ 30 ரூபாய்க்கும் பாமாயில் லிட்டர் 25 ரூபாய்க்கும் கிடைக்கிற அட்டை அது. அதில் ஒரு பெயர் போனால் என்ன ஆகும் என்று கணக்குப் போடுகிற வீடுகளில் புயலைப் பார்த்துக்கொண்டு யாரும் உட்கார்ந்திருக்கமாட்டார்கள்.

போன கார்த்திகையில் அப்படி ஒரு நாள். பெரியவனுக்கு ஆதார் புதுப்பிக்க ஒரு மையத்துக்குப் போனோம். டவுன் பஸ் வரவில்லை, ஷேர் ஆட்டோவில் கூடுதலாகக் கேட்டார்கள், கொடுத்தோம். இறங்குவதற்குள் காற்றில் குடை மடங்கிப் போனது. மையத்துக்குள் பயிர்க் காப்பீட்டுக்காகச் சிட்டா அடங்கலைப் பிளாஸ்டிக் கவரில் சுருட்டி வைத்துக்கொண்டு விவசாயிகள் நின்றார்கள். சம்பா நெல்லுக்குக் காப்பீடு செய்ய நவம்பர் 15 கெடு என்பது ஒவ்வோர் ஆண்டும் இந்த மழை நடுவில்தான் வருகிறது. உட்கார இடம் இல்லை. சின்னவள் ஈரத் துணியோடு தோளில் தூங்கிவிட்டாள். எங்கள் முறை வந்தபோது பையனின் விரல் ஊறிச் சுருங்கிக் கிடந்தது, கருவி எடுக்கவில்லை. துடைத்தோம், என் புடவை முந்தானையில் தேய்த்தோம், ஊதினோம். ஒரு விரல் பதிந்தால் அடுத்தது பதியவில்லை. அப்புறம் கரண்ட் போனது, கூடவே நெட்வொர்க்கும். நாளைக்கு வாருங்கள் என்றார்கள். அம்மா, ஒன்றுக்கு வருகிறது என்றான் பையன். அங்கே கழிப்பறை இல்லை.

அந்த மையத்தில் வேலை செய்த பெண்மேல் எனக்கு ஒரு துளியும் கோபம் இல்லை. அவரும் நனைந்துதான் வந்திருந்தார். தன் பிள்ளையைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு வந்ததாகச் சொன்னார். தேதி அவர் கையில் இல்லை.

தேதி உங்கள் கையில் இருக்கிறதா என்று யோசித்துப் பார்த்தேன். ஓரளவுக்கு இருக்கிறது என்றுதான் நினைக்கிறேன். 1897-ஆம் ஆண்டின் ஜெனரல் கிளாசஸ் சட்டத்தில் 10-ஆவது பிரிவு என்று ஒன்று உண்டு. ஓர் அலுவலகத்தில் குறிப்பிட்ட நாளுக்குள் செய்யவேண்டிய காரியத்துக்கு, கடைசி நாளில் அந்த அலுவலகம் மூடியிருந்தால், அடுத்துத் திறக்கும் நாளில் செய்தாலும் செல்லும் என்கிறது அது. எங்கள் சிக்கல் அந்தப் பிரிவுக்குள் வராது. ஏனென்றால் அலுவலகம் திறந்துதான் இருக்கிறது, வழிதான் மூடிக் கிடக்கிறது. அந்த இடைவெளியை மாவட்ட நிர்வாகம் நினைத்தால் நிரப்பலாம். 2005-ஆம் ஆண்டின் பேரிடர் மேலாண்மைச் சட்டப்படி மாவட்டப் பேரிடர் மேலாண்மை ஆணையத்தின் தலைவர் நீங்கள்தான். மாவட்ட அளவில் வங்கியாளர்கள் கூடும் ஆலோசனைக் குழுவுக்கும் நீங்கள்தான் தலைமை. ஆதார், கேஸ் போல உங்கள் நேரடிப் பொறுப்பில் இல்லாதவற்றுக்கும் நீங்கள் ஒரு கடிதம் எழுதினால் அதற்கு இருக்கும் மதிப்பு வேறு.

இது புதுப் பழக்கமும் இல்லை. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது சென்னை, திருவள்ளூர், காஞ்சிபுரம், செங்கல்பட்டு மாவட்டங்களில் அபராதம் இல்லாமல் மின் கட்டணம் கட்டக் கூடுதல் நாள் கொடுத்தார்கள். பயிர்க் காப்பீட்டுக் கெடுவையும் மாத இறுதிவரை நீட்டித்திருக்கிறார்கள். ஆனால் அந்த நீட்டிப்பு எப்போது வருகிறது? பெரும்பாலும் கடைசி நாள் சாயங்காலம். அதற்குள் பயந்தவர்கள் எல்லாரும் மழையில் போய் நின்றுவிட்டுத் திரும்பியிருப்பார்கள். தெரிந்தவர் சொல்லிக் காத்திருந்தவர்களுக்குத்தான் அந்தச் சலுகை கிடைக்கிறது. காலை ஆறு மணிக்கு விடுமுறை சொல்லும்போதே இதையும் சொன்னால் எல்லாருக்கும் ஒன்றுபோலப் போய்ச் சேரும்.

ஆரம்ப சுகாதார நிலையத்தைப் பாருங்கள். புதன்கிழமை தடுப்பூசி நாள். அன்றைக்குப் புயல் என்றால் அடுத்த வாரம் தூக்கிக்கொண்டு வா என்று செவிலியரே போனில் சொல்லிவிடுகிறார். பெயரை அடிப்பதும் இல்லை, அபராதமும் இல்லை. பிள்ளையின் உடம்பு சம்பந்தப்பட்ட காரியத்திலேயே அந்த நிதானம் இருக்கும்போது, ஒரு கைரேகைக்கு இருக்கக் கூடாதா? வயதானவர்களுக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் வீட்டுக்கே ரேஷன் பொருள் கொண்டுபோகும் தாயுமானவர் திட்டம் 2025 ஆகஸ்டில் தொடங்கியது. எல்லாராலும் கடைக்கு வரமுடியாது என்பதை அரசு ஏற்றுக்கொண்டதில் எனக்கு மிகுந்த மகிழ்ச்சி. மழைநாளில் கைக்குழந்தைக்காரியும் வரமுடியாதவள்தான். வீட்டுக்கு அனுப்பச் சொல்லிக் கேட்கவில்லை, சில நாள் பொறுக்கச் சொல்லித்தான் கேட்கிறேன்.

இதோடு இன்னொன்று. 2015-இல் பேருந்து நிலையங்களில் பாலூட்டும் அறைகள் வந்தன. நேரில் வரச் சொல்லும் மையங்களிலும் ஒரு திரை, நான்கு நாற்காலி, ஒரு கழிப்பறை இருந்தால் வெயில்காலத்திலும் உதவும். கைக்குழந்தையோடு வருகிறவர்களை முதலில் அனுப்பலாம். ஆனால் அதற்கெல்லாம் நிதி வேண்டும், நாள் ஆகும் என்பது தெரியும். நான் கேட்கும் வரிக்குச் செலவே இல்லை.

வடகிழக்குப் பருவமழைக்கு முன்னேற்பாட்டுக் கூட்டம் எல்லா மாவட்டத்திலும் நடத்துகிறீர்கள். அடுத்த கூட்டத்தில் மணல் மூட்டை, மோட்டார், முகாம் பற்றிப் பேசும்போது இதையும் எடுத்துக்கொள்ளுங்கள். நேரில் வரவேண்டிய வேலைகள் எவை, அவற்றில் அக்டோபர் முதல் டிசம்பர் வரை கெடு விழுவது எவை என்று ஒரு பட்டியல் எடுத்தால் போதும். பிறகு விடுமுறை அறிவிப்பின் கீழே இப்படி ஒரு வரி:

‘இன்றும் நாளையும் முடியும் அரசு, கூட்டுறவு அலுவலகப் பணிகளுக்கான கடைசி நாள் இம்மாவட்டத்தில் ஏழு நாள்கள் நீட்டிக்கப்படுகிறது, குழந்தைகளுடன் யாரும் இன்று அலைய வேண்டாம்.’

இப்படிக்கு,
சீர்காழி வட்டத்திலிருந்து இரண்டு பிள்ளைகளின் தாய்