முயல் பேசலாம், மீன் தின்னக் கூடாது

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன இதழின் சிறுவர் பகுதியில் வந்த பட்டாம்பூச்சிக் கதையை ஏழு வயது மகளுக்குப் படித்துக் காட்டினேன். ரோஜா இதழ்களைத் தின்று வளர்ந்த ஒரு புழு, தனக்கு அழகில்லையே என்று அழுகிறது. வனதேவதை இரக்கப்பட்டு, அது தூங்கும்போது முதுகில் சிறகுகளைத் தைத்துவிடுகிறாள். நடை அருமை. வாய்விட்டுப் படிக்கத் தோதான கதை. மகள் இரண்டு முறை படிக்கச் சொன்னாள். மறுநாள் காலை எழுந்ததும் நேரே ரோஜாத் தொட்டிக்குப் போனவள், பூப்பூவாகப் புரட்டிப் புழுவைத் தேடிக்கொண்டிருந்தாள்.

புழு பக்கத்தில் இருந்த எலுமிச்சைச் செடியில் இருந்தது. காட்டினேன், அவள் நம்பவில்லை. பார்த்தால் இலைமேல் விழுந்த பறவை எச்சம் மாதிரியே இருக்கும்: கரும்பழுப்பு, நடுவில் வெள்ளைத் திட்டு, மேலே ஈரப் பளபளப்பு. எலுமிச்சை வண்ணத்துப்பூச்சியின் புழு சின்னதாக இருக்கும்போது அப்படித்தான். எச்சத்தை எந்தப் பறவை கொத்தப் போகிறது? சில நாளில் தோலுரித்து இலைப்பச்சைக்கு மாறியது. ஒரு ஈர்க்குச்சியால் அதை லேசாகத் தொட்டாள். தலைக்குப் பின்னாலிருந்து செம்மஞ்சள் நிறத்தில், கவட்டை போல, இரண்டு கொம்புகள் படக்கென்று நீண்டன. கூடவே ஒரு நெடி. அலறிக்கொண்டு பின்னால் போனவள், அப்புறம் சிரித்தாள். இன்னொரு தடவை தொடவா என்றாள். வேண்டாம், பயந்துதான் அப்படிச் செய்கிறது என்றேன். கொஞ்ச நேரம் குனிந்து பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு, “இது ஏம்மா கதையில வரல?” என்று கேட்டாள். என்னிடம் பதில் இல்லை. உங்களிடம் கேட்கலாம் என்று எழுதுகிறேன்.

தேவதைகளை எடுத்துவிடுங்கள், விலங்குகளைப் பேசவிடாதீர்கள் என்று சொல்ல வரவில்லை. அப்படிச் சொல்கிறவர்களோடு எனக்கு உடன்பாடும் இல்லை. முயல் பேசாது என்பது ஐந்து வயதுப் பிள்ளைக்கே தெரியும். முயல் பேசுகிற கதையைக் கேட்டு எந்தக் குழந்தையும் ஏமாந்துபோவதில்லை. ஆனால் முயல் என்ன தின்னும், எங்கே தூங்கும், யாருக்குப் பயப்படும் என்பது அதற்குத் தெரியாது. கதை சொல்வதை அப்படியே எடுத்துக்கொள்ளும். பேச்சு என்கிற கற்பனை வளர வளரத் தானாகக் கழன்றுவிடுகிறது, தீனி பற்றிய பிழை உள்ளேயே தங்கிவிடுகிறது. அதனால்தான் சொல்கிறேன், முயல் பேசட்டும், பாடட்டும், நிலாவோடு சண்டைகூடப் போடட்டும். மீன் மட்டும் தின்ன வேண்டாம்.

பிழை எவ்வளவு காலம் தங்கும் என்பதற்கு எறும்பு, வெட்டுக்கிளி கதையே போதும். பழைய வடிவங்களில் வெட்டுக்கிளிக்குப் பதில் சிள்வண்டு வரும். கோடை முழுக்கப் பாடிவிட்டுக் குளிர்காலத்தில் எறும்பிடம் தானியம் கேட்டு நிற்கிற சோம்பேறி. பிரான்சின் பூச்சி ஆய்வாளர் ழான் ஹென்றி ஃபாப்ர் தோட்டத்தில் உட்கார்ந்து பார்த்தபோது நடந்தது நேர் எதிர். கடும் வெயிலில் சிள்வண்டுதான் தன் ஊசிவாயால் மரப்பட்டையைத் துளைத்துச் சாறு எடுக்கிறது. எறும்புகள் கூட்டமாக வந்து, அதன் காலைக் கடித்து விரட்டிவிட்டு, கசிகிற சாற்றைக் குடிக்கின்றன. தானியம் தின்ன அதற்கு வாயே கிடையாது. குளிர்காலம் வரும் முன்பே அது செத்தும் போய்விடும். வட அமெரிக்காவில் 17 ஆண்டுகள் மண்ணுக்குள் இருந்துவிட்டு ஒரே சமயத்தில் லட்சக்கணக்கில் வெளியே வரும் சிள்வண்டுகள் உண்டு. அத்தனை வருடமும் தூக்கமில்லை. இருட்டில் வேர்ச்சாற்றைக் குடித்து வளர்ந்துகொண்டே இருக்கின்றன. இதைவிடப் பெரிய மாயக்கதையை யார் கட்டிவிட முடியும்?

‘அத்தி பூத்தாற் போல’ என்று தினம் சொல்கிறோம். அத்தி ஒவ்வொரு முறை காய்க்கும்போதும் பூக்கத்தான் செய்கிறது. நூற்றுக்கணக்கான சின்னச் சின்னப் பூக்கள், எல்லாம் காய் என்று நாம் நினைக்கிற அந்தப் பைக்குள்ளேயே. நுனியில் ஊசித் துளை. அதன் வழியாக ஒரு குட்டிக் குளவி இறக்கை முறிய உள்ளே நுழைகிறது, மகரந்தத்தைச் சேர்க்கிறது, முட்டையிடுகிறது, அங்கேயே இறக்கிறது. அதன் மகன்களுக்கு இறக்கை இல்லை. வெளியே போக வழியைக் குடைந்து கொடுத்துவிட்டு அவை மடிகின்றன. மகள்கள் மகரந்தம் சுமந்து அடுத்த மரத்துக்குப் பறக்கின்றன. வாசல் தெரியாத அரண்மனை, திரும்ப முடியாத பயணம், தங்கைகளுக்காகச் சுரங்கம் தோண்டும் அண்ணன்கள் எல்லாம் இதிலேயே இருக்கின்றன. கதாசிரியர் குரல் கொடுத்தால் போதும்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், இதை என் மகளுக்குக் கதையாகவே சொன்னேன். ஐரோப்பாவில் ஒரு பெரிய நீல வண்ணத்துப்பூச்சி. அதன் புழு முதலில் சில வாரம் பூக்களைத் தின்றுவிட்டுத் தரையில் விழுகிறது. ஒரு எறும்பு அதன் வாசனையை வைத்துத் தன் வீட்டுக் குஞ்சு என்று நம்பிப் புற்றுக்குத் தூக்கிப் போகிறது. உள்ளே போன விருந்தாளி மாதக்கணக்கில் எறும்புக் குஞ்சுகளையே தின்று வளர்ந்து, கூட்டுப்புழுவாகி, கடைசியில் பட்டாம்பூச்சியாக மண்ணிலிருந்து ஏறி வருகிறது. பிரிட்டனில் 1979இல் இது அடியோடு அற்றுப்போனது. பட்டாம்பூச்சியை வலைவீசிப் பிடிப்பவர்களைத் தடுக்க முன்பே ஓரிடத்தில் வேலிகூடப் போட்டிருந்தார்கள். ஆடு மாடு உள்ளே வராமல் புல் உயர்ந்ததுதான் மிச்சம். 1950களில் நோய் வந்து, புல் மேய்ந்துகொண்டிருந்த முயல்கள் மடிந்த பிறகு மற்ற இடங்களிலும் அதே கதை. புல் சில சென்டிமீட்டர் உயர்ந்தது, மண் குளிர்ந்தது, வெதுவெதுப்பான மண் வேண்டிய அந்த ஒரு வகை எறும்பு போனது, அதோடு பட்டாம்பூச்சியும் போனது. காரணம் புரிந்த பிறகு மேய்ச்சலைத் திரும்பக் கொண்டுவந்து, 1983 முதல் ஸ்வீடனிலிருந்து எடுத்துவந்து மறுபடி விட்டார்கள். மகள் கேட்டது ஒரே கேள்வி: “கடைசி வரைக்கும் அந்த எறும்புக்குத் தெரியவே தெரியாதா?” இரண்டு நாள் அதையே நினைத்துக்கொண்டிருந்தாள். குழந்தை தாங்காது என்று இப்படிப்பட்டவற்றைப் பெரியவர்கள் மறைப்பது எனக்குச் சரியாகப் படவில்லை. தாங்குகிறார்கள், நம்மைவிட நன்றாகவே.

ஆண் பெண் விஷயத்திலும் கவனம் வேண்டும். தேன் சேகரிக்கும் தேனீயும் இரை சுமக்கும் எறும்பும் கதைகளில் ‘அவன்’ ஆகிவிடுகின்றன, உண்மையில் அத்தனையும் பெண்கள். தூக்கணாங்குருவிக் கூட்டை அம்மா பின்னுவதாக எழுதுகிறோம். பின்னுவது ஆண். பாதி முடிந்ததும் பெண் வந்து பார்த்து, பிடித்திருந்தால்தான் மீதி வேலை நடக்கும். பாம்பும் வௌவாலும் ஆந்தையும் எப்போதும் வில்லன்கள் என்பதையும் இனி விட்டுவிடலாம்.

உங்களிடம் நான் வேண்டுவது பெரிய செலவுள்ள காரியம் அல்ல. இயற்கைக் கதைகளை அச்சுக்கு அனுப்பும் முன், செடியும் பூச்சியும் அறிந்த ஒருவர் ஒருமுறை படிக்கட்டும். ‘ஒரு மரத்தில் ஒரு பறவை’ என்று எழுதாமல் என்ன மரம், என்ன பறவை என்று பெயரோடு எழுதச் சொல்லுங்கள். பெயர் தெரிந்தால்தான் பிள்ளை வெளியே போய்த் தேடும். கதைக்குக் கீழே, இதில் எது நிஜம், எது கற்பனை என்று இரண்டு வரி போடுங்கள். அந்த வனதேவதையையும் விட்டுவிட வேண்டாம். சிறகைத் தைக்கும் வேலை மட்டும் அவளுக்கு வேண்டாம். சிறகின் தொடக்கம் புழுவின் உடம்புக்குள் முன்பே இருக்கிறது. கூட்டுக்குள் உடம்பின் பெரும்பகுதி கரைந்து புதிதாக உருவாகும்போது அதுதான் வளர்ந்து விரிகிறது. இருட்டில் அத்தனை மாற்றமும் நடக்கும்போது பக்கத்தில் உட்கார்ந்து, பயப்படாதே என்று அவள் பாடிக்கொண்டிருக்கலாம்.

அப்புறம், ஓவியரிடமும் ஒரு வார்த்தை சொல்லுங்கள். அதே பக்கத்தின் மூலையில் இருக்கிற சிலந்திக்கு ஆறு கால்தான் இருக்கிறது. மகள் பென்சிலால் இன்னும் இரண்டு வரைந்து வைத்திருக்கிறாள்.

அன்புடன்,
ஒரு வாசகி