தவக்காலத்தில் எங்கள் அடுப்பை எரிய வைத்தவர்களுக்கு

உயிர்த்த ஞாயிறு முடிந்து ஒரு வாரமாகப் போகிறது. இப்போது எழுதாவிட்டால் இனித் தேயிலைக் கொழுந்து கூடிவிடும், உட்கார நேரம் கிடைக்காது. இலங்கை மலையகத்தில் நோர்வுட் பக்கம் எங்கள் தேயிலைத் தோட்டத்தில் இருப்பவர்களுக்கு யாரைச் சொல்கிறேன் என்று பெயர் போடாமலே தெரியும், அதனால் பெயர் போடவில்லை.

உயிர்த்த ஞாயிறுக்கு முந்திய நோன்புக் காலமான தவக்காலம் தொடங்கும் திருநீற்றுப் புதன் 2025இல் மார்ச் 5. அதற்குக் கொஞ்சம் முன்னால் என் வீட்டுக்காரர் தேயிலைச் செடிகளைக் கவ்வாத்து வெட்டும் மலையில் காலை வெட்டிக்கொண்டார். தையல் போட்டு, வேலைக்குப் போகவே கூடாது என்று சொல்லிவிட்டார்கள். அந்த வெயிலில் கொழுந்தும் இல்லை, எனக்கு வாரத்தில் பாதி நாள்தான் பேர் (ஒரு நாள் வேலைக் கணக்கு) விழுந்தது. ஒரு நாள் சம்பளம் அப்போது 1,350 ரூபாய், அதில் ஓய்வுகாலச் சேமிப்பான சேமலாப நிதிக்கு நூற்றுக்கு எட்டு போனது, நத்தாருக்கு (கிறிஸ்மஸுக்கு) எடுத்த முற்பணம் வேறு கழிந்தது, தேங்காயோ அப்போது ஒன்று 200 ரூபாய்க்கு மேல். தவக்காலத்தில் இறைச்சியை விட வேண்டும் என்பார்கள். சம்பள வாரம் தவிர எங்கள் சட்டிக்கு இறைச்சி எப்போது வந்தது, விடுவதற்கு?

முதல் நன்றி கடை பாய்க்கு. கணக்குக் கொப்பியில் எழுதிக்கொண்டே இருந்தாரே தவிர, எப்போது தருவாய் என்று ஒரு தடவை கூடக் கேட்கவில்லை. ரமழானும் மார்ச் 2ஆம் திகதியே தொடங்கிவிட்டதால் அவருக்கும் நோன்பு, எங்களுக்கும் நோன்பு. பின்னேரம் ஆனால் அவர் மகன் தூக்குச் சட்டியில் நோன்புக் கஞ்சி கொண்டுவந்து வைத்துவிட்டு, நான் வாசலுக்கு வருவதற்குள் ஓடிவிடுவான். வெள்ளிக்கிழமை மட்டும் எங்களுக்கென்று இறைச்சி போடாமல் தனியாகக் காய்ச்சியிருக்கிறார்கள். நாங்கள் கேட்கவில்லை, அவர்களாகவே யோசித்துச் செய்தது. பெருநாளுக்கு வந்த வட்டிலப்பத்தைப் பற்றி எழுதப் போவதில்லை, பிள்ளைகள் அதை எனக்கு மிச்சம் வைக்கவே இல்லை.

எங்கள் லயத்தில் (தோட்டத்து வரிசை வீடுகளில்) அடுத்த காம்பரா அக்காதான் பால் பிழிந்த தேங்காய்ப்பூவைக் கொட்டக் கூடாது என்று காட்டித் தந்தார். வெறும் சட்டியில் சிவக்க வறுத்து, செத்தல் மிளகாய், உப்பு, ஒரு துண்டு புளி வைத்து இடித்தால் ரொட்டிக்கு இரண்டு நாள் வரும். ஒரு தேங்காயை அப்படித்தான் இழுத்தோம். அக்கா, நீங்கள் "சும்மா வளர்ந்து கிடக்கிறது" என்று தந்த வல்லாரை சும்மா வளரவில்லை என்று எனக்குத் தெரியும்.

அப்புறம் பாதர். எழுபது தாண்டிய மாமியார், சீனி வருத்தத்துக்குக் குளிசை போடுகிறவர், தினமும் ஒருசந்தி (ஒரு வேளை மட்டும் சாப்பிடும் நோன்பு) என்று பிடிவாதமாக இருந்தார். பக்தி என்றுதான் நாங்கள் நினைத்தோம். சிலுவைப்பாதைக்கு வந்த பாதர்தான் அவர் முகத்தைப் பார்த்துவிட்டுத் தனியாகப் பேசியிருக்கிறார். ஒருசந்திக் கடமை 59 வயதோடு சரி, அதுவும் திருநீற்றுப் புதனும் பெரிய வெள்ளியும் மட்டுந்தான் என்று சொல்லியும் கிழவி அசையவில்லை. கடைசியில்தான் வாயைத் திறந்திருக்கிறார், அரிசி பிள்ளைகளுக்குப் பத்தட்டும் என்று. அதற்குப் பாதர் புத்தி ஒன்றும் சொல்லவில்லை. "உங்களுக்கு நான் வேறு தவம் தருகிறேன், மூன்று வேளையும் சாப்பிட்டுவிட்டு மகன் காலுக்காக ஜெபமாலை சொல்லுங்கள்" என்றாராம். கொடுத்த தவத்தை மீற முடியுமா, சாப்பிட்டார். மறுநாள் ஒரு மூட்டை அரிசி வந்தது. யார் கொடுத்தது என்று கேட்டால் சிஸ்டர் சிரிக்கிறார், சரி, அதை அப்படியே விட்டுவிட்டேன்.

மாரியம்மன் கோயில் திருவிழாவில் அன்னதானத்தை வாளியோடு லயத்துக்கே அனுப்பிய தலைவருக்கும் நன்றி. சோறும் பூசணிக்காய் சாம்பாரும் எங்கள் தவக்காலத்துக்கு நன்றாகவே பொருந்தியது. மருந்து கட்ட வீட்டுக்காரரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோன திரீவீல் தம்பி பெட்ரோல் காசுக்கு மேல் வாங்கவில்லை, அதையும் மல்லுக்கட்டித்தான் கையில் திணிக்க வேண்டியிருந்தது.

வீட்டுக்காரரின் காயம் ஆறிவிட்டது. திங்கட்கிழமையிலிருந்து வேலைக்குப் போகிறார், கவ்வாத்துக்கு இல்லை, புல்லு வெட்டத்தான். பாய், மே 10ஆம் திகதி சம்பளம் போட்டதும் பாதிக் கணக்கு தருகிறேன், மீதி அடுத்த மாதம். வேண்டாம் என்று கொப்பியை மூடிவிடாதீர்கள்.